மதுரைக்குப் புதுசா? நண்பர்களோடு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிளம்புவது எப்படி

வேலைக்கோ படிப்புக்கோ மதுரைக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஹாஸ்டல் சாப்பாடு அலுத்திருக்கும். கூட வேலை பார்ப்பவர்கள் "சனிக்கிழமை வெளியே சாப்பிடலாமா" என்று கேட்பார்கள், எங்கே போவது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது, கடைசியில் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு ஏசி ஹோட்டலில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டுவிட்டு ரூமுக்குத் திரும்புவீர்கள். நானும் வந்த புதிதில் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் சிம்மக்கல் பக்கம் குடியிருந்த ஒரு நண்பர் ஒரு சாயங்காலம் எங்கள் நாலு பேரையும் நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது. அவர் சொல்லித் தந்ததும், அதற்கப்புறம் இத்தனை வருஷமாக நாங்களே போய்ப் போய்க் கற்றுக்கொண்டதும்தான் இங்கே இருக்கிறது.

முதல் வேலை, ஆட்களைச் சேர்ப்பது. நாலு பேர் சரியான கணக்கு. ஐந்து வரைக்கும் பரவாயில்லை. ஆறு, ஏழு என்று போனால் சின்னக் கடைகளில் ஒரே மேஜையில் இடம் கிடைக்காது, இரண்டாகப் பிரித்து உட்கார வைத்துவிடுவார்கள், பாதிப் பேர் ஒரு பக்கம் சிரித்துக்கொண்டிருக்க மீதிப் பேர் என்ன பேச்சு என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு பேர் என்றால் வாங்குகிற எதையும் நடுவில் வைத்து நாலாகப் பங்கு போடலாம். மதுரையில் சாப்பிடும் முறையே அதுதான். ஒரு ஆள் தனக்கு மட்டும் ஒரு தட்டு என்று சாப்பிட்டால் இரண்டு ஐட்டத்தில் வயிறு நிரம்பிவிடும், நாலு பேர் சேர்ந்தால் ஒரே ராத்திரியில் எட்டு வகை ருசி பார்க்கலாம்.

கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட மாட்டார், இன்றைக்கு என்ன சாப்பிட மாட்டார். இரண்டும் வேறு வேறு. ஆட்டுக்கறியை விரும்பிச் சாப்பிடுகிறவரே வெள்ளிக்கிழமை தொட மாட்டார், புரட்டாசி மாதம் முழுக்க விட்டுவிடுவார், கார்த்திகையில் மாலை போட்டிருப்பார். ரம்ஜான் மாதம் என்றால் நோன்பு வைத்திருக்கும் நண்பருக்காக நோன்பு திறக்கும் நேரத்துக்கு அப்புறம் சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள், அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் காத்திருந்து எல்லோரும் சேர்ந்து ஆரம்பிப்பது நல்லது. சைவ நண்பர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவரைப் பரோட்டாக் கடையில் வெறும் தண்ணீர் கிளாஸோடு உட்கார வைக்காதீர்கள். "எம்ப்டி சால்னா" என்று கேட்டால் கறித்துண்டு இல்லாத சால்னா வரும், ஆனால் அது கறி வெந்த சால்னாவாகவும் இருக்கலாம். அதனால் சைவக் குருமா தனியாக இருக்கிறதா என்று அவருக்காக நீங்களே கேளுங்கள். கல்லும் கரண்டியும் ஒன்றாக இருப்பது அவருக்குச் சரிப்படாது என்றால் அன்றைய கடையையே மாற்றிவிடலாம், சைவத்துக்கு இந்த ஊரில் குறையே இல்லை.

அடுத்து வழி. கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் போகிற ஊர் இது. இந்த அடுக்கை மனதில் பதித்துக்கொண்டால் வழி தவறவே தவறாது. வண்டியை வெளி வீதிப் பக்கமே எங்காவது விட்டுவிட்டு நடங்கள். சித்திரை வீதிக்குள் வண்டி விட மாட்டார்கள், மாசி வீதிகளில் சனிக்கிழமை சாயங்காலம் பைக்கை உருட்டிக்கொண்டு போவதற்குள் பசியே அடங்கிவிடும். மேலும், ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்து போவதால்தான் மறுபடியும் பசிக்கும்.

முதல் தடவைக்கு நான் சொல்லும் சுற்று இது. சாயங்காலம் மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையில் ஆரம்பியுங்கள். சின்ன இடம், பழைய கடை, வெள்ளையப்பத்துக்குப் பேர் போனது. நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு தட்டு வாங்கிச் சட்னியோடு சாப்பிடுங்கள், ஒரு காபி குடியுங்கள், அவ்வளவுதான். இங்கேயே வயிற்றை நிரப்பிவிட்டால் மீதி ராத்திரி வீணாகிவிடும். வெளியே வந்து கோபுரத்தைப் பார்த்தபடி வடக்குச் சித்திரை வீதி வழியாகச் சிம்மக்கல்லுக்கு நடங்கள்.

சிம்மக்கல் என்றால் கோனார் மெஸ், கோனார் மெஸ் என்றால் கறி தோசை. சாதாரண தோசையை விடக் கனமாக ஊற்றி, மேலே முட்டையை உடைத்து விட்டு, அதற்கும் மேலே கொத்தி வதக்கிய ஆட்டுக்கறியைப் பரப்பி, திருப்பிப் போட்டு எடுப்பார்கள். பார்க்க ஊத்தப்பம் மாதிரி இருக்கும், ஆனால் ஒரு ஆள் ஒன்றைச் சாப்பிட்டு முடித்தால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிடும். நாலு பேருக்கு இரண்டு கறி தோசை சொல்லுங்கள். கூடவே ஒரு சுக்கா, பிடித்தவர்கள் இருந்தால் குடல். கல்லில் போடுகிறதைப் பார்க்கிற மாதிரி இடம் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள், முட்டையும் கறியும் சேர்ந்து வேகும்போது வருகிற அந்த வாசனைதான் பாதிச் சாப்பாடு.

அங்கிருந்து கீழ மாசி வீதி வழியாகத் தெற்கே வாருங்கள். மொத்த மளிகைக் கடைகள் நிறைந்த வீதி, கடைகளை அடைக்கிற நேரத்திலும் மல்லியும் மிளகாய் வற்றலும் சேர்ந்த நெடி தெருவிலேயே நிற்கும். தேர் நிற்கும் இடத்தையும் தாண்டி வருவீர்கள். கடைசியில் விளக்குத்தூண். அங்கே கீழ மாரட் வீதியில் 1977-லிருந்து இருக்கிற பேமஸ் ஜிகர்தண்டா கடை. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இதை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் கொஞ்சம் ஸ்பூனாலும் கொஞ்சம் கிளாஸைச் சாய்த்தும் சாப்பிட வேண்டும், அப்போதுதான் பாசியும் பாலும் சேர்ந்து வரும். ஜிகர்தண்டா என்று பலகை வைத்த கடைகள் இன்றைக்கு ஊர் முழுக்க, ஊருக்கு வெளியேயும், இருக்கின்றன. நிறைய இடத்தில் சர்க்கரைதான் தூக்கலாக இருக்கிறது. ஒரு தடவை விளக்குத்தூணில் நின்று குடித்துவிட்டால் உங்களுக்கே வித்தியாசம் புரியும்.

இதெல்லாம் முதல் தடவைக்கு. அதற்கு மேல் பரோட்டா.

பரோட்டாக் கடையைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நட்பு நிஜமாகவே கெட்டிப்படுகிற இடம் அதுதான் என்று நான் நம்புகிறேன். உட்கார்ந்தவுடன் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, "என்னண்ணே" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். புதியவர்கள் அப்போதுதான் பலகையைப் பார்த்து யோசிக்க ஆரம்பிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். முதலில் ஆளுக்கு இரண்டு பரோட்டா, நடுவில் ஒரு சுக்கா, ஒரு ஆம்லெட் என்று மட்டும் சொல்லுங்கள். மொத்தமாகச் சொன்னால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து ஆறிப் போகும், ஆறின பரோட்டா ரப்பர் மாதிரி இழுக்கும். முதல் சுற்று முடிகிற நேரத்தில் அடுத்ததைச் சொன்னால் ஒவ்வொன்றும் கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும்.

பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு சால்னாவைக் கேட்டு வாங்கி ஊற்றி, ஒரு நிமிஷம் ஊற விடுங்கள். முழுதாக மூழ்கடிக்காதீர்கள், ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு ஊறியும் இருக்க வேண்டும். சால்னா காலியானால் தயங்காமல் மறுபடி கேளுங்கள், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அடுத்த சுற்றில் ஒரு முட்டை வீச்சு, அதற்கும் அடுத்ததில் ஒரு முட்டை லாப்பா. லாப்பா என்பது மெல்லிசாக வீசிய மாவுக்குள் முட்டையும் கறியும் வைத்து மடித்துப் போடுவது, நாலு பேருக்கு ஒன்று போதும். கடைசியில் கொத்துப் பரோட்டா. மாஸ்டர் இரண்டு கையிலும் தகட்டை வைத்துக் கல்லில் கொத்துகிற தாளம் தெரு முனை வரைக்கும் கேட்கும், அது கேட்டதும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது மாறவில்லை. பன் பரோட்டா வேண்டும் என்றால் ஆவின் சிக்னல் பக்கம், சாத்தமங்கலத்துக்குப் போக வேண்டும். பெயருக்கு ஏற்றபடி பன் மாதிரி உப்பலாக, வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பூப்போல இருக்கும். வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள்.

பங்கு போடுவதில் ஒரு முறை இருக்கிறது, இதை யாரும் வாயால் சொல்லித் தர மாட்டார்கள். நடுவில் வைத்த தட்டில் சாப்பிடுகிற கையை வைக்கக் கூடாது. சுக்கா வந்தவுடன், எல்லோருடைய கையும் சுத்தமாக இருக்கும்போதே, ஒருவர் ஸ்பூனால் நாலு இலைக்கும் பிரித்துவிட வேண்டும். ஒரு தட்டில் சாப்பிடுகிற அளவுக்குப் பழகியவர்களாக இருந்தாலும் கூட்டத்தில் ஒரு புது ஆள் இருக்கலாம், அவருக்கு எச்சில் பார்க்கும் பழக்கம் இருக்கலாம், சொல்லவும் கூச்சப்படுவார். பிரிக்கிறவர் தனக்குக் கடைசியாக வைத்துக்கொள்வது வழக்கம். எலும்பு இருக்கிற துண்டு யாருக்குப் பிடிக்கும், ஈரல் யாருக்குப் பிடிக்கும் என்று நாலைந்து தடவை போவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் கேட்காமலே அது அவர் இலைக்குப் போய்விடும்.

மெஸ் என்றால் ராத்திரியை விட ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் என் தேர்வு. அழகர் கோயில் ரோட்டில் அம்மா மெஸ், தல்லாகுளம் பக்கம் குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று வைகைக்கு வடக்கே நடக்கிற தூரத்திலேயே பெயர் பெற்றவை இருக்கின்றன. ஒரு மணிக்கு மேல் போனால் நின்றுதான் இடம் பிடிக்க வேண்டும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். இங்கே புதியவர்கள் கவனிக்க வேண்டியது சைடிஷ் தட்டு. பல மெஸ்களில் அன்றைக்கு இருக்கிற வறுவல், சுக்கா, மீன், கோலா உருண்டை எல்லாவற்றையும் ஒரு பெரிய தட்டில் வைத்து மேஜைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். பார்த்தால் எல்லாமே வேண்டும் போல இருக்கும். விலையைக் கேட்டுவிட்டு, நாலு பேருக்கு மூன்று வகை என்று நிறுத்திக்கொள்ளுங்கள். விலை கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அயிரை மீன் குழம்பை மட்டும் ஒரு தடவையாவது வாங்குங்கள். விரல் நீளம்கூட வராத மீன், குளத்துச் சேற்றில் வளர்வது. உயிரோடு வாங்கிப் பாலில் விட்டு, அது உள்ளே இருக்கும் மண்ணைக் கக்கின பிறகுதான் சமைப்பார்கள். முள் எடுக்கிற வேலை இல்லை, அப்படியே சாப்பிடலாம். மற்றக் குழம்புகளை விட விலை அதிகம், சாப்பாட்டோடு சேர்ந்து வராது, தனியாகத்தான் சொல்ல வேண்டும். ஒன்று வாங்கி நாலு பேரும் ஒரு கை சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், முதல் தடவைக்கு அது போதும். அம்மா மெஸ்ஸில் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைப் போட்டுச் செய்யும் ஆம்லெட்டும் அப்படித்தான், ஒன்றை வாங்கிப் பங்கு போட்டுச் சாப்பிட வேண்டிய பொருள். கடைசியில் ரசத்துக்கும் மோருக்கும் இடம் வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் இருந்தார், எப்போது போனாலும் "எனக்குப் பசி இல்லை, நீங்க சாப்பிடுங்க" என்று ஒரு தோசையோடு நிறுத்திக்கொள்வார். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர், கையில் மிச்சம் இருக்காது என்பது எங்களுக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. அதற்கப்புறம் முறையை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் பில்லை நாலாக வகுப்பதை விட்டுவிட்டு, ஒரு வாரம் ஒருவர் கொடுப்பது, அந்த வாரம் கடையைத் தேர்ந்தெடுப்பதும் அவரே என்று வைத்துக்கொண்டோம். அவருடைய முறை வந்தபோது அவர் தெருவோர இட்லிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு அக்கா நடத்துகிற கடை, பெயர்ப் பலகை கிடையாது, இட்லிக்கு நாலு வகைச் சட்னி, ஆவி பறக்கத் துணியிலிருந்து பிரித்து எடுத்து வைப்பார். நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டும் மெஸ் செலவில் கால்வாசிகூட வரவில்லை. இன்றைக்கும் மாதம் ஒரு தடவையாவது அங்கே போகிறோம். உங்கள் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருக்கலாம், அவர் சொல்கிற வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

பில் வந்தால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சாதாரண ரெஸ்டாரண்டில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அது கட்டாயம் கிடையாது, எடுத்துவிடச் சொல்லலாம், 2022-லேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சின்னக் கடைகளில் இந்த விவகாரமே இல்லை, சாப்பிட்டதைச் சப்ளையர் கல்லாவில் வந்து ஒப்பிப்பார், நீங்கள் கொடுக்க வேண்டியதுதான். போன் சார்ஜை நம்பாமல் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் வைக்கிற பத்து இருபதை, துடைக்கிறவருக்கும் சேர்த்துக் கையில் கொடுங்கள்.

இனி இந்த வழிகாட்டியிலேயே எனக்கு முக்கியமானது. புதுப் புதுக் கடையாகத் தேடி ஓடாதீர்கள். போனில் வீடியோ பார்த்து வாரம் ஒரு கடை என்று போகிறவர்களை எனக்குத் தெரியும், ஐம்பது கடையில் சாப்பிட்டிருப்பார்கள், ஒரு கடையிலும் அவர்களை அடையாளம் தெரியாது. நீங்கள் மூன்று கடைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று சைவம், ஒன்று பரோட்டா, ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு. முடிந்த வரை ஒரே கிழமை, ஒரே நேரம். சப்ளையரை ஊர் வழக்கப்படி "அண்ணே" என்று கூப்பிடுங்கள், உங்களை விடச் சின்னவராக இருந்தால் "தம்பி", பேரைத் தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது. ஏழெட்டு தடவை போவதற்குள் நீங்கள் உள்ளே நுழையும்போதே நாலு இலை விழும். "இன்னைக்கு ஈரல் வேண்டாம், கொஞ்சம் கெட்டியா இருக்கு, சுக்கா சொல்லுங்க" என்று அவரே சொல்வார். இது எந்த வீடியோவிலும் கிடைக்காத தகவல். ஒரு தடவை நாங்கள் மூன்று பேராகப் போனபோது "இன்னொரு அண்ணன் எங்கே, உடம்புக்கு ஏதுமா" என்று கேட்டார் ஒருவர். அந்த நண்பருக்கு அன்றைக்கு நிஜமாகவே காய்ச்சல். ஒரு மிளகு ரசம் பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பினார், காசு வாங்கவில்லை. சொந்த ஊரை விட்டு வந்து ரூமில் தங்கியிருக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கும் ஒரு நாள் தெரியும்.

கிளம்பக் கூடாத நாள் என்றும் சில உண்டு. தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கிற கூட்டத்தில் நுழையவே முடியாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் கடையைத் தேடிப் போகாதீர்கள், ஆனால் வெறும் வயிற்றோடு நடந்து போகலாம். வழி நெடுக நீர்மோர், பானகம், பொட்டலச் சோறு என்று முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லக் கூடாத நாள் அது.

ராத்திரி எத்தனை மணி வரை கடை இருக்கும் என்பது கடைக்குக் கடை மாறும். தூங்கா நகரம் என்ற பேரை நம்பிப் பதினொன்றரைக்கு மேல் கிளம்பாதீர்கள், நினைத்த கடை பூட்டியிருந்தால் மனசு விட்டுப்போகும், எட்டு மணி சரியான நேரம். திரும்பும் வழியில் பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, அரிசி மாவு சேர்த்துக் காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிச் சேர்த்திருப்பார்கள். சூடாக ஒரு கிளாஸ், மேலே கொஞ்சம் தேங்காய்த் துருவல். அத்தனை காரத்துக்கு அப்புறம் தொண்டையில் இதமாக இறங்கும். அதைக் குடித்துக்கொண்டே, வண்டியை எடுப்பதற்கு முன்னால், அடுத்த சனிக்கிழமை யார் முறை என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். ரூமுக்குப் போய் குரூப்பில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்று வாரம் தள்ளிப் போய்விடும்.